நாலு பேருக்கு ஒரு கார்ச் சாவி

டிரைவிங் ஸ்கூல் வேலையில் முதலில் தேய்வது டயர் அல்ல, கற்றுக்கொடுப்பவரின் வலது கால் செருப்பு. எங்கள் காரில் பயிற்சியாளர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுபவர் மறக்கும்போதெல்லாம் அதை நாங்கள் மிதிக்க வேண்டும். மனைவிக்கோ தம்பிக்கோ சொந்தக் காரில் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த இரண்டாவது பிரேக் கூட இல்லாமல் நீங்கள் பட்ட பாட்டை நான் அறிவேன்.

எனக்குச் சொந்த ஊர் காங்கேயம். அப்பா தேங்காய்க் களத்தில் கொப்பரை காயப்போடுகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சைக்காலஜி படித்தேன். முடித்த பிறகுதான், கவுன்சலிங் வேலைக்கு இன்னும் மேலே படிக்க வேண்டும் என்று சொன்னார்கள். பதினெட்டு வயதில் மாமாவின் தேங்காய் லோடு வேனில் பழகிய டிரைவிங்தான் கைகொடுத்தது. சிங்காநல்லூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டார்கள்; சேர்ந்துவிட்டேன். அம்மா ஊரில் 'கார் கம்பெனியில வேலை' என்று சொல்லி வைத்திருக்கிறாள். நானும் திருத்தவில்லை.

மனித வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்து எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். விடலைப் பருவத்துக்கு ஒரு கேள்வி, நடுவயதுக்கு ஒரு கேள்வி, முதுமைக்கு ஒரு கேள்வி. எல்லாப் பருவமும் ஒரே வீட்டில் ஒரே கார்ச் சாவியைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அப்படி ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இன்னொன்றையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையின் முக்கியமான காட்சியை நான் பார்க்கவில்லை. அது சொல்லிக் கேட்டதுதான். மற்றதெல்லாம் என் பக்கத்து சீட்டில் நடந்தது.

வந்து இறங்கிய விதம்

மருமகளை டிரைவிங் ஸ்கூலில் சேர்க்க மாமனாரே காரில் அழைத்து வந்திருந்தார். ரங்கசாமி அய்யாவுக்கு எழுபத்தொரு வயது. ஒண்டிப்புதூர் பக்கம் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடையும் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவர் காரை நிறுத்தியபோது இடது பக்க முன்சக்கரம் எங்கள் ஆபீஸ் வாசலின் முதல் படியில் ஏறி நின்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை. இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "வணக்கமுங்க" என்றார். பின் சீட்டிலிருந்து மருமகள் சுமதி அக்கா, சாய்ந்து நின்ற கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவருக்கு நாற்பத்து நாலு வயது.

அய்யா செல்போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்ததும், அக்கா குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவருடைய கணவர் பிரகாஷுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு. கார் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் கவினுக்கு இப்போதுதான் பதினெட்டு முடிந்திருக்கிறது. அதனால் அந்த வீட்டில் முப்பது வருஷமாக ஸ்டியரிங்கைப் பிடித்த ஒரே ஆள் அய்யாதான். ஆனால் கொஞ்ச நாளாக அவருக்குப் பக்கவாட்டில் சரியாகத் தெரிவதில்லை. கேட் தூணில் இரண்டு முறை உரசியாகிவிட்டது. கண் டாக்டரிடம் போகலாம் என்றால், "போன வருசந்தான கண்ணாடி மாத்துனேன்" என்கிறாராம். போன மாதம் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் சைக்கிளைத் தட்டிவிட்டார். "அந்தப் புள்ளைக்கு முட்டியில மட்டுந்தானுங்க மிஸ் செராய்ப்பு. ஆனா எந்திரிச்சு நின்னு இவரையே பாத்துது. எனக்கு அதே நெனப்பா இருக்குதுங்க. யாருக்காச்சும் ஒண்ணு ஆகறதுக்குள்ள அந்தச் சாவிய வாங்கோணும். அவரு மனசும் நோகக் கூடாதுங்க."

இந்த இரண்டும் ஒன்றாக நடக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. படிவத்தை நீட்டினேன். அதற்குள் அய்யா திரும்பி வந்து, மருமகள் கையெழுத்துப் போடுவதைப் பெருமையோடு பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கத்துக்கட்டுமுங்க அம்மிணி, ஒரு அவசரத்துக்கு ஆகும். மத்தபடி ஓட்டறதுக்குத்தான் நான் இருக்கறனல்லங்க."

ஹாரன் என்கிற மரியாதைக் குறைவு

சுமதி அக்கா நாலு நாளில் கிளச் பழகினார். ஆறாவது நாள் கியர் வந்துவிட்டது. ஹாரன் மட்டும் வரவேயில்லை. கை ஹாரன் வரைக்கும் போகும், அங்கேயே நின்றுவிடும். சூலூர் ரோட்டில் ஒரு பெரியவர் மொபெட்டில் வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு நட்டநடு ரோட்டில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் அவர் பின்னாலேயே, முதல் கியரில், ஊர்வலம் மாதிரி போனோம். எங்களுக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் அலறிக்கொண்டிருந்தது. "ஹாரன் அடிங்கக்கா" என்றேன். "பெரியவருங்க மிஸ். பின்னாடியிருந்து சத்தம் போட்டா என்ன நெனச்சுக்குவாரு?" என்றார். மாமனார் ஹாலில் இருந்தால் கொலுசு சத்தம் கேட்காமல் நடந்து பழகிய கால்கள் அவை என்று அப்புறம் ஒரு நாள் அவரே சொன்னார். இருபத்திரண்டு வருஷம் சத்தமே காட்டாமல் இருக்கப் பழகியவரிடம், மீதி இருந்த பதினைந்து நாளில் சத்தம் போடக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

கடைசியில் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். மொபெட்டுக்கு இணையாக வண்டியைக் கொண்டுபோய், என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கச் சொல்லி, என் மடிக்கு மேலாகச் சாய்ந்து, "ஏனுங்க, செத்த ஒதுங்கிக்கறீங்களா?" என்று கேட்டார். நான் பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. பஸ் நின்றது. பெரியவரும் மொபெட்டை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஜன்னலருகே வந்து சொன்னார்: "வழி கேக்கோணும்னாத் தாராளமாக் கேளுங்க கண்ணு. எந்த ஊட்டுக்குப் போகோணும்?"

படிவத்தில் இல்லாத இடம்

அடுத்த வாரம் கவினும் சேர்ந்தான். இன்ஜினியரிங் முதல் வருஷம். செல்போனில் வீடியோ பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டதாகச் சொன்னான். சீட்டைப் பின்னால் சாய்த்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, முதல் நாளே மூன்றாவது கியரில் வண்டியை எடுக்கப் பார்த்தான். வண்டி இருமிவிட்டு நின்றது. "உங்க வண்டி பழசுங்கக்கா" என்றான். இந்த வயதுப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களுக்குத் தெரியும்: தவறு எப்போதும் வண்டியுடையதுதான்.

லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது உடல்நிலை பற்றி நாமே எழுதித் தர வேண்டிய படிவம் ஒன்று இருக்கிறது. அதை எழுத உட்கார்ந்தவன் பத்து நிமிஷமாகியும் எழுந்திருக்கவில்லை. போய்ப் பார்த்தேன். வலிப்பு நோய் இருக்கிறதா என்ற கேள்வியில் பேனா நின்றிருந்தது. "உனக்கு வந்திருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். "அப்பாவுக்குப் பன்னெண்டு வயசுலதான் மொதல்ல வந்துச்சாமா. என்ற கூடப் படிக்கறவனுக்கு இருவதுல வந்துச்சு" என்றான். அந்த ஒற்றைக் கை ஸ்டைலுக்குப் பின்னால் இவ்வளவு நாள் என்ன உட்கார்ந்திருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்கு வராது என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக்கூடாதே. "எனக்குத் தெரியாது கவின். அப்பாவைப் பாக்கற டாக்டர்கிட்டப் போய்க் கேளு. இப்ப இருக்கறத மட்டும் எழுது" என்றேன். 'இல்லை' என்று எழுதினான். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அக்கா, இதுல 'இன்னும் இல்லை'ன்னு எழுத எடமில்லீங்களா?"

பின் சீட்டு வாத்தியார்

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு கவின் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தான். டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவன் விசிலடித்துக்கொண்டு வந்ததே போதும். அந்தச் சமயத்தில்தான் அவன் அப்பா பிரகாஷ் அண்ணன், மனைவியின் வகுப்புக்குத் துணையாக வந்து பின் சீட்டில் உட்கார ஆரம்பித்தார். அய்யா அனுப்பி வைத்தாராம். அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது. பட்டறையில் ஆர்டர் எடுப்பது, சரக்கு அனுப்புவது எல்லாம் அவர்தான். ஆனாலும் முடி வெட்டிக்கொள்ளப் போனால்கூட அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். "தனியா வெளிய போயி எங்காச்சும் வந்துருச்சுன்னா?" என்பது அந்த வீட்டின் நிரந்தரக் கேள்வி. மாத்திரையில் கட்டுப்பட்டுவிட்டது; கடைசியாக வலிப்பு வந்து ஏழு வருஷமாகிறது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

மேம்பால ஏற்றத்தில் ஒரு நாள் சுமதி அக்காவுக்கு வண்டி நின்றுவிட்டது. பின்னால் லாரி. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து ஒரு நிதானமான குரல் வந்தது. "சுமதி, பதறாத. ஹேண்ட் பிரேக்கப் போட்டுக்க. கிளச்ச மெதுவா விடு. வண்டி லேசா நடுங்கும், அங்கயே நிறுத்து. ஆங், இப்ப ஹேண்ட் பிரேக்க எடு." கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறியது. ஏழாவது நாள் நான் நடத்திய பாடம் அது. என்னைவிட நன்றாக நடத்திவிட்டார்.

பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தியதும், "எங்கண்ணா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை என்றார். "பக்கத்துல உக்காந்து அப்பாவோட காலப் பாத்துக்கிட்டே வருவனுங்க. சின்ன வயசுலருந்து அதான் பொழுதுபோக்கு." அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "ரெண்டு வருசமா அப்பா பிரேக்குப் புடிக்கறது லேட்டுங்க. இந்த ஊட்டுல மொதல்ல தெரிஞ்சது எனக்குத்தானுங்க, சொல்றதுக்குத்தான் இன்னும் வயசு பத்தல."

எத்தனை மார்க்கு?

சுமதி அக்கா டெஸ்ட்டில் பாஸானார். லைசென்ஸும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சாவி மட்டும் அய்யாவின் சட்டைப் பையிலிருந்து வெளியே வரவில்லை. 'பாஸ் பண்ணிட்ட, சந்தோசம்' என்று மருமகளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தச் சேலைக்கடைக்கும் அவரே காரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அந்த வாரம் ஒரு நாள் வெடியால, காலை ஏழு மணிக்கு நான் ஆபீஸைத் திறக்கும்போது அய்யா படியில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். "ஒரு மணி நேரம் உங்க வண்டிய ஓட்டோணுமுங்க. நீங்க பக்கத்துல உக்காந்து பாத்து, நெசத்தச் சொல்லோணும். ஊட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். வீட்டிலேயே கேட்கலாமே என்றேன். "அவியெல்லாம் என்ற மொகத்தப் பாத்துச் சொல்லுவாங்க. நீங்க ரோட்டப் பாத்துச் சொல்லுவீங்க" என்றார்.

அவர் ஓட்டுவதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கியர் மாறுவது காதுக்கே தெரியவில்லை. ஆனால் இடது சந்திலிருந்து ஒரு பைக் வந்தது, அவர் பார்க்கவில்லை. நான் மிதித்தேன். ஓரமாக நின்ற சரக்கு ஆட்டோவை நோக்கி வண்டி மெல்லச் சாய்ந்தது, மிதித்தேன். பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ரோட்டில் கால் வைத்தாள். அப்போது மிதித்த மிதியில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. என் பிரேக்கை மிதித்தால் அவர் காலடியில் இருக்கும் பிரேக்கும் தானாக உள்ளே போகும். ஒளித்து மிதிக்க முடியாது.

ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். "எத்தன மார்க்கு?" என்றார். என் அப்பாவைவிடப் பெரியவர். இவரிடம் நான் எப்படி? "கியரெல்லாம் என்னைவிட நல்லாப் போடறீங்கய்யா" என்றேன். "அது எனக்குத் தெரியுமுங்க. கேட்டதுக்குச் சொல்லுங்க." சொன்னேன். இடது பக்கம் உங்களுக்குத் தெரியவில்லை, கண் டாக்டரைக் கட்டாயம் பாருங்கள், அவர் சரி என்கிற வரைக்கும் ஓட்டாதீர்கள் என்று, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, ஒரே மூச்சில் சொன்னேன். இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை அணைத்தார். இன்ஜினையும் அணைத்தார். சாவியை உருவி என் பக்கம் நீட்டிக்கொண்டு சொன்னார்: "மூணு தடவ உங்க காலு பிரேக்க அமுக்குச்சுங்க அம்மிணி. நாலாவது தடவ என்ற வண்டியில அந்தக் காலு இருக்காதுங்கள்ல."

ஆனைமலை போன அன்று

இதுதான் நான் பார்க்காதது. சுமதி அக்கா ஸ்வீட் பாக்கெட்டோடு வந்து சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். அய்யா வாசலுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, ஓட்டுநர் கதவைத் திறக்காமல் நின்றாராம். "எழுவது தாண்டுனா கவர்மெண்டுல லைசென்ஸ் செல்லாதாமா. டிரைவிங் ஸ்கூல்ல வெசாரிச்சேன். சட்டம்னா சட்டந்தான, நாம என்ன பண்றது?" என்றாராம், சலிப்பாக. கவின் உடனே, "அப்பாரு, குடுங்க, நான் எடுக்கறேன்" என்று கையை நீட்டியிருக்கிறான். தாத்தாவை அவன் அப்பாரு என்றுதான் கூப்பிடுவான். "நீ இன்னுங் கொஞ்ச நாளு கம்முனு உக்காந்து பாரு. உங்கப்பன் அப்படித்தான் கத்துக்கிட்டான்" என்று சொல்லிவிட்டு, சாவியை மருமகள் கையில் வைத்தாராம்.

அக்காவுக்கு அடுத்த சிக்கல் அப்போதுதான் உறைத்திருக்கிறது. மாமனார் முன் சீட்டில் உட்கார்ந்தால், அவருக்குச் சமமாகப் பக்கத்தில் எப்படி உட்கார்ந்து ஓட்டுவது? அந்த வீட்டில் அவர் நாற்காலியில் இருக்கும்போது அக்கா எதிரில்கூட உட்கார்ந்ததில்லை. சாவியை வைத்துக்கொண்டு தயங்கி நின்றவரை அய்யாவே காப்பாற்றினார். பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டு, மகனைக் கூப்பிட்டு, "பிரகாசு, நீ முன்னாடி உக்காரு. மேடு பள்ளமெல்லாம் உனக்குத்தான் தெரியும், அவளுக்குச் சொல்லிக்கிட்டே போ" என்றாராம்.

"அந்த நேரத்துல எங்க ஊட்டுக்காரரு மொகத்தப் பாக்கோணுமே மிஸ்" என்று அக்கா சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. திரும்பி வந்து இரண்டே நாளில் அய்யாவும் பிரகாஷ் அண்ணனும் ஒட்டுக்காச் சேர்ந்து கண் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். பார்வை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வந்திருக்கிறது; போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஆனைமலைக்குக் கிளம்பிய அன்றைக்குப் பொள்ளாச்சி ரோட்டில் போகும்போது அய்யா பின் சீட்டில் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுசாகத் திருப்பித் திருப்பி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாராம். கிணத்துக்கடவு தாண்டியதும் திடீரென்று கேட்டாராம்: "ஏன்டா கவினு, ரோட்டோரம் இருந்த மரத்தையெல்லாம் எப்படா வெட்டுனாங்க?"

அக்கா போன பிறகு ஃபைலை எடுத்துப் பார்த்தேன். எங்கள் வண்டியை ஓட்டிப் பார்க்க வந்த அன்று அய்யா கொடுத்த லைசென்ஸ் நகல் அதில் இருந்தது. சந்தேகத்துக்கு எங்கள் ஓனரிடமும் கேட்டேன். சொந்தக் கார் ஓட்ட வயது வரம்பு என்று எதுவும் சட்டத்தில் இல்லை. ரங்கசாமி அய்யாவின் லைசென்ஸ் இன்னும் இரண்டு வருஷம் நாலு மாதத்துக்குச் செல்லும். ஃபைலை மூடி வைத்துவிட்டேன். கார் ஓட்டுவதை இருபத்தொரு நாளில் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். ஓட்டாமல் இருப்பதற்கு எங்களிடம் கோர்ஸ் கிடையாது, அதைப் பின் சீட்டில் உட்கார்ந்து அவரவரே படித்துக்கொள்ள வேண்டியதுதான்.